தாயைப் பார்க்காத குஞ்சு

போன வைகாசியில் மச்சான் பண்ணையில் குஞ்சு இறங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். பல்லடத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்பை ஒட்டி நீளவாக்கில் இரண்டு ஷெட். பகல் வெக்கையைக் குஞ்சு தாங்காது என்பதால் வண்டி ராத்திரிதான் வரும். அன்றைக்கு 11 மணிக்கு வந்தது. பெட்டிக்கு நூறு குஞ்சு. மூடியைத் திறந்தால் மஞ்சள் பஞ்சு உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கத்துகின்றன. ஒரு குஞ்சு 40 கிராம் இருக்கும். தரையில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, மேலே பேப்பர் விரித்து, தகரத் தடுப்பு வளைத்து, சாயங்காலமே பல்பு போட்டுக் கதகதப்பாக்கி வைத்திருந்தார்கள்.

அக்கா டிரம்மில் முதல் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். பயணக் களைப்பு தீர வெல்லம் போட்டாள். அது சரி. அடுத்து ஒரு பாட்டிலைத் திறந்து மூடியால் அளந்து ஊற்றினாள். அது ஆன்டிபயாடிக். அதற்கும் அடுத்து ஒரு பாக்கெட்டைக் கிழித்து வெள்ளைப் பொடியைக் கொட்டிக் குச்சியால் கலக்கினாள். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். புரோபயாடிக். லாக்டோபேசில்லஸ், உயிருள்ள நுண்ணுயிரிகள், ஒரு கிராமில் இத்தனை கோடி என்று அச்சடித்திருந்தது.

“ரெண்டையும் ஒரே டிரம்லயா ஊத்தறே?”

“சீட்டுல ரெண்டும்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. மொத மூணு நாளைக்கு.”

பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மச்சான் நின்று சொன்னார். “கெட்டதைக் கொல்ல ஒண்ணு, நல்லதை வளக்க ஒண்ணு. ரெண்டும் உள்ள போனா நல்லதுதானே மாப்ள?”

அவர் கேட்டதில் தவறே இல்லை. பத்து வருஷமாக பிராய்லர் வளர்க்கிறவர். சீட்டில் இருப்பதை ஒரு சொட்டுக் குறையாமல் செய்கிறவர். ஆனால் அந்தப் பாட்டிலில் இருக்கும் மருந்துக்கு நல்ல பாக்டீரியா எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கிய உயிர்கள் குஞ்சின் வாய்க்குப் போகும் முன்பே டிரம்மில் செத்துக்கொண்டிருந்தன. விதைத்த பாத்தியில் அன்றைக்கே களைக்கொல்லி அடித்த மாதிரி. அன்று ராத்திரி தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்து ஒரு மணி வரை இதைப் பற்றியே பேசினோம். அங்கே பேசியதையும், வீட்டுக்கு வந்த பிறகு எடுத்துப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். பண்ணை வைத்திருக்கிறவர்கள் சிலராவது படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. நுண்ணுயிரியல் படித்துவிட்டு நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். மருந்துச் சீட்டு எழுதும் தகுதி எனக்கு இல்லை. பாக்டீரியா எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

எங்கள் அம்மிச்சி கோழி அடை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய கூடையில் வைக்கோல் போட்டு, பன்னிரண்டு பதிமூன்று முட்டை அடுக்கி, இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் வைப்பார். 21ஆம் நாள் குஞ்சு பொரியும். ஓரிரு நாளில் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போகும். தாய் கிளறும், குஞ்சு கொத்தும். கொத்துவது கரையானையும் தானியத்தையும் மட்டுமல்ல, தாயின் எச்சத்தையும்தான். சிறுவயதில் அதைப் பார்த்து அருவருத்து “ச்சூ” என்று விரட்டியிருக்கிறேன். அந்தக் குஞ்சு தாயிடமிருந்து சீதனம் வாங்கிக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. தாயின் குடலில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து பழகிய பல நூறு வகை நுண்ணுயிர்கள் அந்த எச்சத்தின் வழியாகக் குஞ்சின் காலிக் குடலுக்குள் குடியேறுகின்றன.

பொரிப்பகத்தில் பொரிக்கும் குஞ்சுக்கு அந்தச் சீதனம் இல்லை. முட்டையை ஃபார்மலின் புகை போட்டுச் சுத்தப்படுத்துகிறார்கள். அதில் ஓட்டின் மேல் ஒட்டியிருந்த தாயின் பாக்டீரியாவும் போய்விடும். இயந்திரத்தில் பொரிந்து, தட்டில் காய்ந்து, தடுப்பூசி போட்டு, பெட்டியில் ஏறி, ஷெட்டில் இறங்கும் வரை ஒரு வளர்ந்த கோழியை அது கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் உயிர் தாங்கும். குடல் மட்டும் கிட்டத்தட்ட வெறும் வீடு. கதவு திறந்து கிடக்கிறது. முதலில் வருகிறவன் குடியேறிவிடுவான். அந்த முதல் ஆள் சால்மோனெல்லாவாக இருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை பின்லாந்தில் கிடைத்தது. 1971ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டு பிராய்லர் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற வகை வேகமாகப் பரவியது. தீவனத்தில் கலந்த மூலப்பொருள் வழியாக உள்ளே வந்தது. எஸ்கோ நூர்மி என்ற ஆய்வாளர் ஹெல்சிங்கியில் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குச் சால்மோனெல்லா தொற்ற மிகச் சொற்ப எண்ணிக்கையே போதும். அதே கோழி சில வாரம் வளர்ந்துவிட்டால் அப்படி எளிதில் தொற்றுவதில்லை. நடுவில் மாறியது என்ன? குடலுக்குள் ஒரு முழுக் குடித்தனம் வந்துவிட்டது. அப்படியானால் அந்தக் குடித்தனத்தை முதல் நாளே ஏற்படுத்திக் கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

நூர்மியும் உடன் பணிபுரிந்த ரன்டலாவும் செய்தது, அருவருப்பைத் தள்ளி வைத்துப் பார்த்தால், குப்பைமேட்டில் நடந்ததேதான். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் இரைப்பையிலும் குடலிலும் இருந்ததை எடுத்து, கரைத்து, புதிதாகப் பொரிந்த குஞ்சுகளின் வாயில் புகட்டினார்கள். பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். புகட்டாத குஞ்சுகளில் தொற்று பரவியது. புகட்டிய குஞ்சுகள் பெரும்பாலும் தாங்கி நின்றன. 1973இல் ‘நேச்சர்’ இதழில் இது வந்தது. சிறிய கட்டுரை, இரண்டே பக்கம். கோழி மருத்துவத்தில் இன்றும் இதை ‘நூர்மி கருத்து’ என்றே சொல்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் அதையே ஒழுங்குபடுத்தி, நோய்க்கிருமி இல்லை என்று சோதித்து, ‘பிராய்லாக்ட்’ என்ற பெயரில் அங்கே விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே வழியில் ஒரு முயற்சி நடந்தது. டெக்சாஸில் வேளாண் துறை விஞ்ஞானிகள் கோழிக் குடலிலிருந்து 29 வகை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஒரு கலவை செய்தார்கள். 1998இல் அதற்கு அரசு அனுமதி கிடைத்தது. பொரிப்பகத்திலேயே குஞ்சுகளின் மேல் பனி மாதிரித் தெளித்தார்கள். குஞ்சு தன் இறகைக் கோதும்போது அலகு வழியாக உள்ளே போய்விடும். மச்சானிடம் இதைச் சொன்னபோது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது இந்தத் தெளிக்கிற யோசனைதான். “ஷெட்டுக்கு வரதுக்கு முன்னாடியே இடம் பிடிச்சுருது” என்றார்.

இடம் பிடிப்பது. அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை விடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, குடலில் நடப்பதும் அதுதான். குடல் சுவரில் பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. நல்ல பாக்டீரியா முதலில் ஒட்டிக்கொண்டால் பின்னால் வருகிற சால்மோனெல்லாவுக்கு உட்கார இடமில்லை. வழியோடு வெளியே போக வேண்டியதுதான். இது முதல் வேலை. இரண்டாவது, சாப்பாட்டுப் போட்டி. அங்கே கிடைக்கிற சர்க்கரையையும் சத்தையும் முன்பே வந்தவை தின்று தீர்த்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருக்கும். கோழியின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பைகள் தொங்கும். குருட்டுக்குடல் என்பார்கள். தீவனம் குடல் வழியாகச் சில மணி நேரத்தில் ஓடிவிடும். இந்தப் பைகளில் மட்டும் சரக்கு தேங்கி நின்று புளிக்கும். நம் வீட்டில் மாவு புளிக்கிற மாதிரியேதான். காற்றில்லாத இடத்தில் நல்ல பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் என்று சில அமிலங்களை உண்டாக்குகிறது. லாக்டோபேசில்லஸ் வகைகள் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கின்றன. அந்தப் புளிப்பு ஏறிய இடத்தில் சால்மோனெல்லாவாலும் ஈ.கோலையாலும் பெருக முடிவதில்லை. சால்மோனெல்லா தங்குவதற்கு மிகவும் விரும்பும் இடம் இந்தப் பைகள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், எதிரியின் கோட்டையிலேயே காவல் போட்ட மாதிரி இருக்கிறது. இது போக, சில வகைகள் மற்ற பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. குஞ்சின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகின்றன. பியூட்டிரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்கே உணவாகிறது.

‘புரோபயாடிக்’ என்ற சொல்லைக் கால்நடைத் தீவனத்துக்கு இந்தப் பொருளில் 1974இல் பயன்படுத்தியவர் பார்க்கர். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் ஒரு வரையறை தந்தது. உயிரோடு இருக்க வேண்டும், போதுமான எண்ணிக்கையில் கொடுக்க வேண்டும், அதனால் வாங்கிக்கொள்ளும் உடலுக்கு நன்மை கிடைக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் அது புரோபயாடிக் இல்லை, வெறும் பொடி. அக்கா கலக்கிய டிரம்மில் முதல் நிபந்தனையே அடிபட்டுப் போயிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் என் வேலைகளில் ஒன்று இந்தப் பொடிகளை எண்ணிப் பார்ப்பது. ஒரு கிராம் எடுத்து, சுத்தமான உப்புநீரில் கரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து, அகார் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால், உயிரோடு இருந்த ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக வளர்ந்து நிற்கும். புள்ளியை எண்ணி மடங்கால் பெருக்க வேண்டும். பாக்கெட்டில் கோடிக்கணக்கில் எழுதியிருந்து, தட்டில் ஒரு புள்ளிகூட வராத பொடியைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. வெயிலில் நின்ற வண்டியில் கெட்டதோ, தகரக் கூரை கோடவுனில் கெட்டதோ, எங்கே கெட்டிருந்தாலும் காசு கொடுத்தது பண்ணைக்காரர். அன்றைக்கு அந்தத் தட்டை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு நுட்பத்தைப் பண்ணைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லாக்டோபேசில்லஸ் மாதிரி வகைகள் சூட்டுக்குத் தாங்காது. குச்சித் தீவனம் அழுத்தும்போது இயந்திரத்தில் 80 டிகிரி வரைக்கும் நீராவிச் சூடு போகும். அதில் அவை பிழைப்பது அரிது. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை வேறு ரகம். கஷ்டகாலம் வந்தால் தடித்த ஓடு கட்டி வித்தாக உறங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் வித்துகளை மட்டும் எண்ண வேண்டும் என்றால் கரைசலை 80 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்துவிட்டுத்தான் தட்டில் பரப்புவோம். ஓடு கட்டாதவை செத்துவிடும், வித்துகள் அசையாமல் இருக்கும். கோழியின் குடலுக்குள் போய் ஈரமும் சத்தும் கிடைத்ததும் முளைத்துக்கொள்ளும். அதனால்தான் தீவனத்தில் கலந்து வருபவற்றில் பெரும்பாலும் பேசில்லஸும், தண்ணீரில் கரைத்துக் கொடுப்பவற்றில் லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ், என்டிரோகாக்கஸ் வகைகளும் இருக்கும். பாக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்துத்தான் அதை எங்கே கலப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

சரி, முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதையும் மச்சான் கேட்டார். 1949 வாக்கில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி-12 சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரித்த பின் மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நோய் இல்லாத கோழிக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போடும் பழக்கம் உலகம் முழுக்க அப்படித்தான் பரவியது. சின்ன அளவில் நெடுநாள் கொடுக்கும் மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா அந்தத் தாங்கும் திறனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும், பக்கத்து வகை பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும்.

சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடை செய்தது. டென்மார்க் பிராய்லர் பண்ணைக்காரர்கள் 1998இல் தாங்களாகவே நிறுத்தினார்கள். அங்கே பயந்த மாதிரி சாவு கூடவில்லை. ஒரு கிலோ எடை ஏற்றத் தேவைப்பட்ட தீவனம் மிகச் சிறிதளவே கூடியது. 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. நம் நாட்டில் 2014இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாக வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டே சீனாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கோலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுகிறது என்று பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். கோலிஸ்டின், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து. அதைத்தான் கோழித் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. என்னைக் கேட்டால் நம் கோழித் தொழிலில் நடந்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று.

இதைச் சொல்லும்போது மச்சான் ஷெட்டுக்கு வெளியே குவிந்திருந்த எருவைக் காட்டினார். ஒரு பேட்ச் போனதும் நார்த்தூளும் எச்சமும் சேர்ந்த அந்தக் கோழி எரு மஞ்சள் காட்டுக்கும் தென்னைக்கும் விலைக்குப் போகும். “அதுலயும் இருக்குமா?” என்றார். மருந்து கொடுத்த கோழியின் எச்சத்தில் மருந்தும் இருக்கும், மருந்துக்கு அசராத பாக்டீரியாவும் இருக்கும், அப்படியே காட்டுக்குப் போகும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தென்னைக்கும் அந்த எருதான்.

புரோபயாடிக் எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகள் இந்தப் பகுதியைப் பேசுவதில்லை. ஏற்கெனவே நோய் பிடித்த கோழியை இது குணப்படுத்தாது. இது காவல், மருந்தில்லை. குடல் அழுகல் நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பெருகாமல் தடுக்க சில பேசில்லஸ் வகைகள் நன்றாக உதவுகின்றன. ஆனால் ரத்தக்கழிச்சல் முதலில் வந்து குடல் சுவரைப் புண்ணாக்கிவிட்டால், அந்தப் புண்ணில் கிளாஸ்ட்ரிடியம் குடியேறும். ஈர லிட்டரை, அதாவது தரையில் பரப்பிய நார்த்தூளை, கிளறிக் காயவைக்காமல், ரத்தக்கழிச்சலைக் கட்டுப்படுத்தாமல் பொடி மட்டும் போட்டால் காசு தண்டம். கேம்பைலோபாக்டர் இன்னும் பிடிவாதக்காரன். குடலின் சளிப் படலத்துக்குள் புதைந்து வாழ்வது. சால்மோனெல்லாவுக்குக் கேட்கிற கலவைகள் பல இதனிடம் சரியாகச் செல்லுபடி ஆவதில்லை.

சால்மோனெல்லா விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மனிதனுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுக்கும் எண்டரைட்டிடிஸ், டைஃபிமூரியம் போன்ற வகைகள் வளர்ந்த கோழியைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கோழி நன்றாகத் தின்னும், எடை போடும். பண்ணைக்காரர் கண்ணுக்கு நட்டம் எதுவும் தெரியாது. நட்டம், கோழியை வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கிய வீட்டில் போய் விடியும். அதனால் இந்தச் செலவைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறவர், தன் கண்ணில் படாத ஒரு கிருமிக்காகக் கைக்காசு போடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? பொரிப்பகமும் குஞ்சு தரும் நிறுவனமும் முதல் நாளே தெளித்து அனுப்பினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்கர்களும் பின்லாந்துக்காரர்களும் பொரிப்பகத்திலேயே கை வைத்தது அதனால்தான்.

எந்தப் பாக்டீரியாவைக் கொடுப்பது என்பதில் அறிவியலுக்குள்ளேயே இன்னும் ஒரு வழக்கு நடக்கிறது. கோழியின் குருட்டுக்குடலில் இயற்கையாக நிறைந்திருப்பவை காற்று பட்டால் வாழாத வகைகள். கடையில் விற்பவையோ பெரும்பாலும் காற்றையும் தாங்கி, எளிதில் வளர்க்க முடிகிற வகைகள். செக் நாட்டில் பிர்னோ நகர ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பொரிந்த குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு கொஞ்ச காலம் ஒன்றாக வைத்தார்கள். கோழியோடு இருந்த குஞ்சுகளின் குருட்டுக்குடலில் பாக்டீராய்டஸ் முதலான முதிர்ந்த குடிகள் வந்து சேர்ந்துவிட்டன. தனியாக வளர்ந்தவற்றில் அவை இல்லை. அம்மிச்சியின் குப்பைமேடு மறுபடியும் வந்து நின்றது எனக்கு. முழுக் கூட்டத்தையும் கொடுத்தால் வேலை நன்றாக நடக்கிறது. ஆனால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பெயர் சொல்ல முடியாததை அனுமதிக்க அரசுகள் தயங்குகின்றன. பெயர் சொல்லக்கூடிய ஒன்றிரண்டைக் கொடுத்தால் அனுமதி எளிது, காவல் கொஞ்சம் பலவீனம். நான் முழுக் கூட்டத்தின் பக்கம்தான். சோதித்துப் பாதுகாப்பாக்கிக் கொடுக்க வழி இருக்கிறது என்று பின்லாந்து காட்டிவிட்டது.

அம்மிச்சி வெயில் காலத்தில் கோழிக்கு மோர் ஊற்றுவார், அதுவும் புரோபயாடிக்தானே என்று அக்கா கேட்டாள். மோர் நல்லதுதான், குளிர்ச்சி, புளிப்பு, உயிருள்ள பாக்டீரியா எல்லாம் இருக்கிறது. ஆனால் பாலைத் தயிராக்கும் பாக்டீரியா பாலில் பழகியது. கோழிக் குடலில் தங்கிக் குடித்தனம் நடத்துவது அதற்கு வராது. நாலு நாட்டுக்கோழிக்கு மோர் ஊற்றலாம். ஐயாயிரம் பிராய்லர் குஞ்சுக்கு அதை நம்ப முடியாது.

அந்த பேட்ச்சுக்கு அன்றைக்கே எதையும் மாற்ற முடியவில்லை. டிரம் கலக்கியாகிவிட்டது, குஞ்சு தாகத்தோடு இருந்தது. அடுத்த பேட்ச் இறங்குவதற்கு முன் மச்சான் தன் சூப்பர்வைசரிடமும் கால்நடை மருத்துவரிடமும் பேசினார். சீட்டில் இரண்டையும் பிரித்தார்கள். குஞ்சு திடமாக வந்து, தொப்புள் காய்ந்து, சாவு இல்லாமல் இருந்தால் முதல் தண்ணீரில் புரோபயாடிக் மட்டும். நோய் அறிகுறி இருந்தால் மருத்துவர் வந்து பார்த்து ஆன்டிபயாடிக் எழுதுவார், முழு நாளும் கொடுத்து முடித்த பிறகு புரோபயாடிக். மருந்து குடலைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும், அந்தக் காலி இடத்தை மறுபடி நல்லதைக் கொண்டு நிரப்புவதற்காக. அவசியமான நேரத்தில் மருந்தே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நோயில் துடிக்கிற கோழியை மருந்தில்லாமல் விடுவது பாவம்.

அதற்குப் பிறகு மூன்று பேட்ச் போயிருக்கிறது. சாவு கூடவில்லை, எச்சம் இறுகி லிட்டர் காய்ந்து இருக்கிறது என்று மச்சான் சொல்கிறார். ஒரு ஷெட்டில் மூன்று பேட்ச்சை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. குஞ்சின் தரம், பருவம், தீவனம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் பயப்பட்ட மாதிரி எதுவும் நடக்கவில்லை என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேர் வந்து டிரம்மைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்களுக்கு அவர் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பாக்கெட்டில் எந்தப் பாக்டீரியா, ஒரு கிராமில் எத்தனை, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் திருப்பிக் கொடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் மாத்திரையோ போடுகிறவர்கள் புரோபயாடிக் கொடுக்கும் நாளில் அதைப் போட வேண்டாம். லசோட்டா தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் குளோரினை முறிக்க லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர் கலப்பீர்களே, இதற்கும் அதே முறைதான். கலக்கிய தண்ணீரை இரண்டு மூன்று மணி நேரத்தில் குஞ்சு குடித்து முடிக்கும் அளவுக்கே கலக்குங்கள். சந்தேகம் இருந்தால் செத்த கோழியோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். தீவனத்தைச் சோதிக்கும் கூடமும் அங்கேயே இருக்கிறது.

அடுத்த முறை குஞ்சு இறங்கும் ராத்திரி, டிரம்முக்கு முன்னால் நிற்கும்போது, பாட்டிலை எடுக்கும் முன் உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: இந்தக் குஞ்சுக்கு இன்றைக்கு இது வேண்டுமா?